கண் திறக்காமல் கப்பலேறிய அம்மன்

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. கடலுக்குள்ளேயே நங்கூரம் போட்டுவிடும். படகில் இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் என் எதிரே இருந்த குடும்பம் அம்மிக்கல்லோடு வந்திருந்தது. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அந்த அம்மாள் குழந்தையை ஒரு கையாலும் அம்மியை மறு கையாலும் பிடித்துக்கொண்டார். சிவப்பு அட்டைக்காரர்கள். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாததால் வேலை போய், கண்ணால் பார்த்திராத ஊருக்குத் 'திரும்பி'ப் போகிறவர்கள்.

"நீயும் ஒரேயடியா வந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. எங்க தோட்டத்துக் கோயிலுக்கு அம்மன் படம் வாங்க வந்திருக்கேன். வாங்கிக்கிட்டு அடுத்த கப்பல்ல போயிடுவேன்."

"அப்ப ஒனக்கு நீலம்" என்றார். குடியுரிமை உள்ளவர்களின் அட்டை நீல நிறம். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை.

கெடாவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இப்போது அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் மாரியம்மன் கோயிலில் அம்மன் சுவரில் எழுதப்பட்டவள். சிலை வைக்க அந்தக் காலத்தில் வசதி இல்லாமல் சுவரில் எழுதிக் கும்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே பெய்யும் மழைக்கு எந்தச் சாயமும் நிற்பதில்லை. எழுதி இரண்டாம் மழையில் பாதத்திலிருந்து பச்சைப் பாசி ஏறும். மூன்றாம் மழையில் முகத்தில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அம்மை நோயைத் தீர்க்கிறவளுக்கே அம்மை கண்டதுபோல் இருக்கும். கும்பிட வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

பினாங்கில் ஒரு சீனர் வீட்டு முகப்பில் பூப்போட்ட பீங்கான் ஓடுகளைப் பார்த்தேன். தாத்தா காலத்து ஓடுகள் என்றார்கள். நேற்றுத் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. அம்மனையும் அப்படி ஓட்டில் எழுதிச் சுட்டுச் சுவரில் பதித்தால் என்ன என்று கோயில் கூட்டத்தில் நான்தான் கேட்டேன். அப்பாவின் ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் இருக்கின்றன.

கோயில் தலைவர் மாரிமுத்து தண்டல். தண்டல் என்றால் மேஸ்திரி. வேலைக்காட்டில் எங்கள் ஆட்களை மேய்க்கிறவரும் அவரே. "சாமிய அழைச்சிட்டு வர ஒரு பொம்பளப் புள்ளய அனுப்பறதா?" என்றார்.

அப்பா கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்று எழுந்து, "எம்மவ படிச்சவ. ஒழுங்கா கொண்டாந்து சேர்ப்பா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தை மாதம் குடமுழுக்கு என்று முடிவாயிற்று. பழைய சுவரைக் கொத்திப் பூசினார்கள். பள்ளி ஆண்டு விடுமுறையில் நான் கிளம்பியபோது எங்கள் கோயிலில் வெறும் சிமெண்டுச் சுவர்தான் இருந்தது. அதற்குத்தான் அம்மா தினமும் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

*

சேத்தியாத்தோப்பு வந்ததும் பஸ் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வெள்ளாற்றில் செம்மண் கரைத்ததுபோல் வெள்ளம். எல்லாரும் இறங்கினோம். ஆண்கள் தள்ளினார்கள். நான் தள்ளப் போனதும் கண்டக்டர், "நீங்க வாணாங்க, சிலோன்காரம்மா" என்றார்.

"மலேசியா" என்றேன்.

"அதுக்கும் தண்ணியத் தாண்டித்தானே போவணும்? அப்பிடிப் போயி டீ குடிங்க."

டீக்கடையில் ஆவி பறக்கும் இட்லிக்கு முதல் நாள் மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் காலையில் சாப்பிடுவதைப் 'பசியாறுவது' என்போம். "பசியாறணும், என்ன இருக்கு?" என்று நான் கேட்டதைக் கடைக்கார அம்மாள் உள்ளே போய்ச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஆனால் இரண்டு இட்லி கூடுதலாக வந்தது. எவ்வளவு பசியோ என்று நினைத்திருப்பார்.

கருவேப்பிலங்குறிச்சியில் சித்தப்பா, அப்பாவின் தம்பி, ரோட்டோரம் குடையோடு நின்றிருந்தார். நடை, கழுத்தைச் சாய்க்கிற சாய்ப்பு எல்லாம் அப்பா. ஆனால் நிறைய பேசுகிற அப்பா. "எங்கண்ணன் மவ, டீச்சரு" என்று வழியில் பார்த்த அத்தனை பேரிடமும் சொன்னார். வீட்டில் சித்தி கம்பங்களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். களியைக் கடிக்காமல் விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

"மென்னு துன்றாளே" என்றார் சித்தி, என்னைவிட அவருக்கு வாய் வலிப்பதுபோல்.

ஓவியர் கலியமூர்த்தியை மறுநாள் அதே ஊரில் பார்த்தேன். கோயில் சுவரில் எழுதுகிறவர் என்று சித்தப்பா சொன்னதும் நான் ஒரு கிழவரை எதிர்பார்த்தேன். முப்பது வயதுக்காரர் டெரிலின் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் டிரான்சிஸ்டர் பாட, ஒரு அம்மன் கோயில் உள்சுவரில் யாளிக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தார். கை நிறைய வேலை. சினிமாத் தட்டி, லாரிப் பலகை, தேர்தல் சுவர், நடுநடுவே கோயில்.

"மலேயாவுல என்னா கட்சிங்க? எந்தச் சின்னம் சொன்னாலும் போட்டுக் குடுப்பேன்" என்றார்.

வெளிச் சுவருக்கு டப்பா எனாமல், உள்சுவருக்குச் சுண்ணாம்பில் குழைத்த கலர் என்று பிரித்து வைத்திருந்தார். ஏன் என்றேன். "உள்ள எண்ணெ வெளக்குப் பொக. எனாமலு மேல பொக படிஞ்சா பிசுபிசுன்னு ஒட்டிக்கும். சுண்ணாம்பு மூச்சு வுடும்." ஓட்டில் சாமி எழுதியிருக்கிறாரா என்றேன். "பூ போட்டிருக்கேன். சாமி போட்டதில்ல. போட்டுருவோம்." அவருடைய துணிச்சல் எனக்குப் பிடித்தது.

*

விருத்தாசலத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சூளைப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். தெருவெல்லாம் வெள்ளைத் தூசு. வேலை விட்டு வருகிறவர்களின் புருவம்கூட வெளுத்திருக்கும். எங்கள் தோட்டத்து ஆட்கள் மேல் ரப்பர் பால் நாறுவதுபோல் இந்த ஊர் ஆட்கள் மேல் களிமண் வாசனை. சித்தப்பா என்னைக் கூட்டிப்போனது ஆரோக்கியசாமி என்பவருடைய சின்னப் பட்டறைக்கு. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை, டீ கோப்பை எல்லாம் செய்கிறார்கள்.

ஒருமுறை சுட்ட வெறும் ஓடுகளை, நான் கொண்டுபோயிருந்த கோயில் சுவர் அளவுக் கயிற்றின்படி, கொட்டகைத் தரையில் பரப்பினார்கள். கலியமூர்த்தி குளித்து, நெற்றியில் திருநீறோடு வந்தார். டிரான்சிஸ்டர் வரவில்லை. பாதத்தில் ஆரம்பித்து மேல்நோக்கி எழுதினார். சிவப்புப் புடவை வேண்டும் என்றேன். சூளைச் சூட்டில் சிவப்பு நிற்காது, பச்சை நிற்கும் என்றார் ஆரோக்கியசாமி. பச்சையும் அம்மனுக்கு உகந்ததுதானே, சரி என்றேன். நீலம் பூச வேண்டிய இடத்தில் கலியமூர்த்தி அழுக்குச் சாம்பல் நிறத்தைப் பூசினார். வெந்தால் நீலம் ஆகுமாம். அதையும் நம்பினேன்.

சில நாளில் எல்லாம் முடிந்தது. தூரிகையைக் கழுவி, துணியில் சுற்றினார். அம்மனுக்கு இமை இருந்தது, புருவம் இருந்தது. கண்ணுக்குள்ளே ஒன்றும் இல்லை.

"கண்ணு நாளைக்கா?" என்றேன்.

"கண்ணக் கோயில்லதானுங்க தொறக்கணும். செவுத்துல பதிச்சி, கடைசியா."

"இது சுவர் இல்லைங்க, ஓடு. சூளைக்குப் போறதுக்கு முன்னாடி எழுதுறதுதான் நிக்கும். கிளேஸ்ங்கிற பூச்சு மேல பளபளன்னு கண்ணாடி மாதிரி மூடிக்கும். அதுக்கப்புறம் எழுதினா ஒட்டாது."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"டீச்சரு, கண்ணத் தொறக்கற வரைக்கும் இது படம். தொறந்துட்டா பாக்கறவ. பாக்கறவளத் தூக்கி நெருப்புல வெக்கச் சொல்றீங்களா?"

பூசை செய்து உயிர் கொடுத்த பிறகுதானே சாமி என்றேன். அது பூசாரி கணக்கு, எங்கள் வேலையில் கண்தான் கணக்கு என்றார். நீங்கள் தேர்தல் சுவரும் எழுதுகிறவர்தானே, புதுப் பொருளுக்குப் புது முறை வேண்டாமா என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"ஆள் வேற பாத்துக்குங்க."

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "படிச்சவன்னா இப்பிடியா பாப்பா வெட்டிப் பேசுறது?"

"நான் சொன்னதுல எது சித்தப்பா தப்பு?"

"தப்பு இல்ல. அதான் கோவம் வருது அவனுக்கு."

அதே கொட்டகையில் பொம்மைகளுக்கு வண்ணம் வைக்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் அஞ்சலை என் வயதுக்காரி. ஒரு நாளில் கூடை கூடையாகப் பொம்மைகளுக்குக் கண் வைக்கிறவள். அவளைக் கேட்டேன்.

"பொம்மைக்குன்னா பேசிக்கினே வெப்பேங்க்கா. ஆத்தாளுக்குன்னா கையி வராது."

"இவ வெச்சா மாமியாள மொறைக்கற மாதிரியே வெப்பா. வுட்ருங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒன் மாமியாளுக்குக் கண்ணு இருந்தும் நீ கருவாடு திருடறது தெரியலியே" என்றாள் அஞ்சலை. எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தியும் தூரிகையைத் தொடவில்லை.

நானே எழுதுகிறேன் என்று எடுத்தேன். ஆரோக்கியசாமி குறுக்கே வரவில்லை. "எழுதுங்க. எங்க மாதா சொரூபத்தக் கண்ணோடதான் சுடுவோம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அடுக்கறவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் சூளைல அடுக்குவேன். மறைக்க மாட்டேன்."

சூளையில் ஓடு அடுக்குகிற மூன்று பேரும் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "கண்ணு வெச்சா நாங்க தூக்க மாட்டோம்ங்க. நீங்க கோவிச்சிக்கினாலும் சரி." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

தூரிகையைக் கீழே வைத்தேன். கண்ணோடு எழுதினால் சூளை ஏறாது. கண் இல்லாமல் சுட்டால் தோட்டத்தில் கண் ஒட்டாது. இரண்டில் எது நடந்தாலும் தண்டல் சொல்லப்போவது ஒன்றுதான்: பொம்பளப் புள்ளய அனுப்பினா இப்படித்தான். அப்பா கூட்டத்தில் எழுந்து பேசியது அவர் வாழ்நாளில் அந்த ஒரு தடவை.

*

இரண்டு நாள் மழை. வேலை எதுவும் நடக்கவில்லை. சித்தப்பா வேறு ஓவியரைத் தேடிச் சிதம்பரம் வரை போய்விட்டு நனைந்து வந்தார். கிடைத்தவரும் அதே பதிலைச் சொன்னாராம்.

பட்டறையில் விற்க முடியாத கோணல் கோப்பைகளில்தான் டீ தருவார்கள். குடித்து, கழுவி, கவிழ்த்து வைத்தேன். கோப்பை முழுவதும் வெள்ளை வெளேர் என்றிருந்தது. அடியில், தரையில் உட்காரும் வட்டம் மட்டும் கருஞ்சிவப்பாக டீக் கறை ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

"இது ஏன் அஞ்சலை இப்படி?"

"அந்த எடத்துல கிளேஸ் இல்லக்கா. கிளேஸ் இருந்தா சூளைத் தட்டுல ஒட்டிக்கும்னு, முக்கறதுக்கு முன்ன அடில மெழுகு தேச்சிருவோம். மெழுகு பட்ட எடம் வெறும் மண்ணு. எது பட்டாலும் குடிச்சிக்கும்."

கோப்பையைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு சித்தப்பாவோடு திட்டக்குடி பஸ்ஸைப் பிடித்தேன். கலியமூர்த்தி அங்கே ஒரு சினிமாக் கொட்டகைச் சுவரில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். நான் சமாதானம் பேசப் போகவில்லை. ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

அவர் ஒரு கதாநாயகனின் மீசைக்குக் கீழே ஏணியில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தும் இறங்கவில்லை. நான் கோப்பையைக் கவிழ்த்து மேலே நீட்டினேன்.

"அம்மன் கண்ணுக்குள்ள மெழுகு தேய்ச்சிட்டா அந்த இடம் மட்டும் இப்படி மண்ணா நிக்கும். கண்ணு இல்லாம சுடலாம். சுட்டப்புறம், சுவர்ல பதிச்சப்புறம், அந்த மண்ணுல எழுதினா நிக்குமா? நீங்கதான் சொல்லணும்."

கோப்பையின் அடியைப் பார்த்தார். இறங்கி வந்தார். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்த ஒரு சிரட்டை அவரிடம் இருந்தது. விரலில் தொட்டுக் கோப்பையின் அடியில் தேய்த்தார். துணியால் துடைத்தார். பிறகு நீரை ஊற்றி, மண்ணைப் போட்டு, பாத்திரம் விளக்குவதுபோல் விளக்கினார். வெளுத்தது. ஆனால் போகவில்லை.

"ஒரு மழைக் காலம் தாங்கும்" என்றார். "வருசா வருசம் மறுக்கா எழுதணும். அதுவும் வழக்கம்தான்." பிறகு, "அங்க யாரு தொறப்பாங்க?" என்றார்.

"நீங்க வர முடியாது. அங்க பெயிண்ட் அடிக்கிறவங்க இருக்காங்க."

"வெளியாளு தொறக்கக் கூடாதுங்க. படத்துல கை பட்டவன்தான் தொறக்கணும். நாலு பேரு சேந்து எழுதினா நாலு பேருல யாரு வேணாலும் தொறக்கலாம். கலரு அரைச்சவன்கூடத் தொறக்கலாம். கையே படாதவன் வந்து கண்ணுல கைய வெக்கறதா?"

"அப்ப என் கை படட்டும்."

சித்தப்பா இருமினார். கலியமூர்த்தி சிரட்டையைக் கீழே வைத்தார்.

"பொம்பள தொறந்து நான் பாத்ததில்ல."

"கூடாதுன்னு இருக்குதா?"

பஸ் ஒன்று போயிற்று. "கூடாதுன்னும் கேட்டதில்ல" என்றார். "கேக்கறதுக்கே யாரும் வந்ததில்ல."

*

கலியமூர்த்தி எனக்குப் பேருக்கு ஒரு ஓரத்துப் பூவைக் கொடுத்து ஏமாற்றவில்லை. பாதத்தை மறுபடி எழுதச் சொன்னார். கீழ்வரிசையில் இரண்டு புது ஓடு வைத்து, கோடு மட்டும் போட்டு, "தண்டையும் வெரலும் நகமும் ஒங்களது. விழுந்து கும்பிடறவங்க மொதல்ல பாக்கறது அதைத்தான்" என்றார்.

உடைந்த ஓடுகளில் பழகினேன். கரும்பலகையில் எழுதுகிற கை வேறு. இங்கே வெறும் ஓடு சாயத்தைத் தொட்ட மாத்திரத்தில் உறிஞ்சிவிடும். தயங்கினால் அந்தத் தயக்கம் அப்படியே பதிந்து நிற்கும். கண்ணுக்கும் தனியே பழக வேண்டியிருந்தது. எதிரே நின்று எழுதக் கூடாதாம். திறந்த கண்ணின் முதல் பார்வையை மனிதர் தாங்கக் கூடாது என்பதால் பக்கத்தில் சாய்ந்து நின்று, கண்ணாடியில் பார்த்தபடி எழுத வேண்டும். நான் பழகிய ஓடுகளைக் கொட்டகைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அஞ்சலை அவற்றைக் கடந்து போகும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அக்கா எழுதனதெல்லாம் எருமக் கண்ணு. கண்ட எடத்துல வெச்சி பயமுறுத்தறீங்க."

பாதம் எழுதிய அன்று நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சித்தி மோர் அனுப்பியிருந்தார். கலியமூர்த்தி தள்ளி நின்று புகைத்துக்கொண்டிருந்தார், திருத்த வரவில்லை. இடது காலின் சுண்டுவிரல் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. "இருக்கட்டும்" என்றார். "நடந்து தேஞ்ச காலு."

கண்களுக்குள் மெழுகு தேய்த்தது அஞ்சலை. அதற்கு அவள் மறுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு ஓடாகக் கிளேஸில் முக்கினார்கள். அது பால்போல் வெளுத்த கரைசல். பச்சைப் புடவை, தண்டை, புருவம் எல்லாம் அதற்குள் மறைந்தன. நான் எழுதிய பாதமும் மறைந்தது. "பாலாபிசேகம்" என்றாள் அஞ்சலை, குரலைத் தாழ்த்தி.

அடுக்குகிற மூன்று பேரும் வந்தார்கள். மூத்தவர் முகம் எழுதிய ஓட்டைத் திருப்பி, கண் இருந்த இடத்தைப் பார்த்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். உள்ளே தூக்கிப்போனார்.

சூளை ஆறுவதற்கு முன் திறந்தால் ஓடு வெடித்துவிடும் என்று ஆரோக்கியசாமி யாரையும் கிட்டவே விடவில்லை. திறந்த அன்று கலியமூர்த்தியும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மறுபடி தரையில் பரப்பினார்கள். பால் கண்ணாடியாகியிருந்தது. புடவை இலைப் பச்சை. சாம்பல் பூசிய ஆகாயம் நீலமாக வந்திருந்தது. என் தண்டையும் இருந்தது, குட்டைச் சுண்டுவிரலும் இருந்தது. இத்தனை பளபளப்புக்கு நடுவே கண்கள் இரண்டு மட்டும் காய்ந்த மண்ணாக இருந்தன.

பார்க்க வந்திருந்த சித்தி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பிடியே பாக்க ஒரு மாதிரியா இருக்குது கண்ணு. சீக்கிரம் கொண்டுபோயித் தொறந்துடு."

கலியமூர்த்தி விளக்குக்கரியை ஒரு சிறு டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். "போயிட்டு வாங்க டீச்சரு" என்றார். வைக்கோல் வைத்து ஓடுகளை அடுக்கிய என் பெட்டி லாரியில் ஏறும்வரை நின்றார்.

*

பினாங்குத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி ஒரு மலாய்க்காரர். பெட்டியைத் திறக்கச் சொன்னார். வைக்கோலை விலக்கினால் மேலே அம்மனின் முகம். குனிந்தவர் சற்றுப் பின்வாங்கினார். மலாயில்தான் பேசினார்.

"இது யார்?"

"எங்கள் தாய். கோயிலுக்கு."

"கண் எங்கே?"

"வீட்டுக்குப் போன பிறகுதான் திறப்போம்."

அவர் வைக்கோலைத் தன் கையாலேயே மூடினார். சுமைகாரர்களிடம், "தாய் தூங்குகிறார். மெதுவாகத் தூக்குங்கள்" என்றார்.

தோட்டத்தில் ஓடுகளைப் பதித்து முடித்த அன்று எல்லாரும் வந்து பார்த்தார்கள். தண்டல் கிட்டே போய் மண் கண்ணை உற்றுப் பார்த்தார். "மழைக்கு அழியாதுன்னு சொல்லித்தானே போன? கண்ண வருசா வருசம் எழுதணுமா?"

"ஆமாங்க. கண்ணு மட்டும்."

"யாரு?"

"நான்தான். என் கை பட்டிருக்கு."

விருத்தாசலத்து வழக்கத்தைச் சொன்னேன். பாதத்தைக் காட்டினேன். அந்த ஊர் வழக்கம் அந்த ஊரோடு, இங்கே ஆண்கள் இருக்கிறார்கள் என்றார் அவர். அப்பா தலையைக் குனிந்தபடி நின்றார். அவருடைய ஒரு பேச்சை அவர் ஏற்கெனவே பேசிவிட்டார். பேசியது அம்மாவோடு மரம் வெட்டும் ராக்கம்மா அக்காள்.

"இந்தத் தோட்டத்துல பால் வெட்டற கையில பாதி பொம்பள கைதான். அந்தப் பாலக் காசாக்கித்தானே இந்தக் கோயிலு? அப்பல்லாம் எந்தக் கைன்னு யாரும் கேக்கல."

பூசாரியும் பால் வெட்டுகிறவர்தான். "நேரம் போவுது. கண்ணு தொறக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான்.

வெள்ளைத் துணி கட்டி மறைத்தார்கள். உள்ளே நானும் அம்மாவும். அம்மா கண்ணாடியைப் பிடித்தார். நான் பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்து, கரியைத் தொட்டேன். அம்மா கையில் கண்ணாடி சற்றுச் சாய்ந்தது. கண்ணாடிக்குள் அம்மனும் சாய்ந்தாள். வலது கண்ணை எழுதினேன். மண் ஒரே வாயில் குடித்துவிட்டது. இடது கண்ணில் கை எங்கும் நிற்கவில்லை. எழுதி முடித்த பிறகு மூச்சு விட்டேன்.

துணியை விலக்கினார்கள். திறந்த கண்ணின் முதல் பார்வை படுவதற்கு முதலில் பசுவும் கன்றும். ரயில் பாதையோரம் பால் விற்கும் குடும்பத்துப் பசு; கோயிலுக்குள் வர மறுத்து வாசலில் நின்றே பார்த்தது. அடுத்து ஆட்கள். வழக்கம்போல் நடுவில், முதல் ஆளாக மாரிமுத்து தண்டல். கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"நேரா பாக்கலியே" என்றார்.

அப்போதுதான் நானும் நேரே வந்து நின்று பார்த்தேன். இரண்டு கருவிழியும் நடுவில் இல்லை. அவருடைய தோளைத் தாண்டி, இடதுபுறம், பெண்கள் நிற்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தன. துடைக்க முடியாது. மண் குடித்தது குடித்ததுதான்.

தண்டல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பிறகு நடுவிலிருந்து இடதுபக்கம் நகர்ந்து, ராக்கம்மா அக்காளுக்குப் பக்கத்தில் போய், அந்தப் பார்வை விழுகிற இடத்தில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள்.